உள்ளே வந்தவர் வெளியே போக முடியாது

ஆட்சி மாறுவதைப் படமெடுக்க வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வந்தபோது, அவர்களைக் கவனிக்கும் வேலை அரசு செய்தித் துறையில் எங்கள் அலுவலகத்தின் தலையில் விழுந்தது. யாருக்கு எந்த நிற அட்டை, எந்தக் கேமரா எங்கே என்பதில் தொடங்கி, புதிய அமைச்சர்களின் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்ற குறிப்பு வரை தயாரித்தோம். பதவியேற்பின் நடுவில் யாரும் மேடைப் பக்கம் ஓடிவிடக் கூடாதே என்று நான் ஒரு விதி எழுதினேன்: செய்தியாளர்களுக்காகக் கயிறு கட்டிய பகுதிக்குள் வந்தவர் விழா முடியும்வரை வெளியே போக முடியாது. படங்களை மெமரி கார்டில் எடுத்துப் போகிறவர்களுக்கு மட்டும், வெளியே போகவும் அடைத்த சாலைகளைத் தாண்டவும் ஆரஞ்சு அட்டை. எங்கள் ஆட்களுக்கு அதில் ஒன்றுகூட ஒதுக்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று காலை ஒன்பது இருபதுக்கு, சாந்தோமில் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார்.

"மேடம், பொண்ணுக்கு வீசிங் ஜாஸ்தியா இருக்கு. இன்ஹேலர் பையில இல்லைங்கறா. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னா ரோடு பூரா அடைச்சிட்டாங்க."

இன்ஹேலர் என் கைப்பையில் இருந்தது. அதில் மருந்து எவ்வளவு மிச்சம் என்று தினமும் எடுத்துப் பார்ப்பேன். முந்தின நாள் பார்த்துவிட்டு, அவள் பைக்குப் பதில் என் பையில் போட்டிருக்கிறேன். பதில் சொல்வதற்குள் போன் செத்தது. பாதுகாப்புக்காக சிக்னலை நிறுத்துவதும் எங்கள் திட்டத்தில் இருந்ததுதான்.

கயிற்று வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் விதி எழுதிய தாளைக் காட்டினார். "யாரா இருந்தாலும் விடக்கூடாதுன்னு போட்டிருக்கு. கீழ கையெழுத்து உங்களதுதானே மேடம்?"

"என் பொண்ணுக்கு மூச்சு முட்டுது சார். இன்ஹேலர் என்கிட்ட இருக்கு."

"கான்வாய் வந்துட்டிருக்கு. இப்ப விட்டா என் வேலை போயிடும்."

பின்னால் ஒரு வெளிநாட்டுச் சேனல் அமர்த்திய ராயப்பேட்டை டிரைவர், ஆரஞ்சு அட்டையோடு நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"இன்னாம்மா, நீயே பூட்டிக்கினு நீயே சாவி தேடினுகீறியா? குடு இங்க. எந்த ஸ்கூலு?"

சொன்னேன். இன்ஹேலரைக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் அவர் அட்டையைப் பார்த்துக் கயிற்றைத் தூக்கினார்.

அதன் பிறகு இரண்டரை மணி நேரம். இங்கே ஆட்சி மாற்றம் எப்போதும் இவ்வளவு அமைதியாகத்தான் நடக்குமா என்று ஒரு வெளிநாட்டுப் பெண் கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் குறிப்பில் அப்படித்தான் இருந்தது. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றேன். மகள் இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தம்தான் காதில் இருந்தது.

விழா முடிந்து பள்ளிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. பக்கத்தில் டிரைவர்.

"மருந்தைக் குடுத்துட்டு, மெமரி கார்டை சேனல் ஆபீஸ்ல சேத்துட்டு மறுக்கா வந்தேன். பாப்பா இப்ப ஷோக்கா கீது. உன்னியத்தான் கேட்டுக்கினே இருந்துச்சு."

நடந்ததைச் சொன்னேன். மகள் என்னையே பார்த்தாள்.

"கயிறுதானேம்மா? தாண்டி வந்திருக்கலாமே?"

அந்தக் கயிறு என் இடுப்பு உயரம்கூட இல்லை.