எர்த் போல்ட்டில் பச்சை பெயிண்ட்

அன்று எஞ்சின் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: தேயிலை ஃபாக்டரியை நடத்திய டீமேக்கர், தேவிகுளத்திலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன், ஜெனரேட்டர் ஓட்டிய நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது. அது போய்விடுமோ என்று எந்நேரமும் பயந்துகொண்டிருந்தேன்.

சூரியநெல்லிப் பக்கம் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. வாடப் போட்ட கொழுந்து சூடேறிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ‘டக்’ என்றதே தவிர எஞ்சின் சுற்றவில்லை. பேட்டரி செத்துவிட்டது என்று பதறி, நான்தான் புதிது வாங்க வைத்தேன். புதிதிலும் அதே ‘டக்’.

எலெக்ட்ரீஷியன், பேட்டரியிலிருந்து எஞ்சின் உடம்புக்கு வரும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினார். வயர் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் பச்சை பெயிண்ட்.

“எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிச்சது யாருவே?”

“நான்தான் அண்ணாச்சி. எஸ்டேட் பெரிய துரை பார்க்க வாராருன்னு...” என்றேன்.

“துரைக்குப் பளபளப்பு சரி. பெயிண்டுக்கு மேல வயரை முறுக்கினா கரண்டு எப்படிவே பாயும்? பழைய பேட்டரி என்ன பாவம் பண்ணுச்சு?”

சுரண்டி முறுக்கியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. டீமேக்கர் என் பக்கம் திரும்பாமலே, “நாளைலேருந்து விறகடுக்கப் போ” என்றார்.

ஆசிட் ஊற்றிய பேட்டரியைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. அந்த விலையை என் கூலியில் பிடித்தார்கள். நான் எஸ்டேட்டை விட்டு இறங்கியபோதும் அதில் நான் கட்ட வேண்டிய பாக்கி முந்நூற்றுப் பத்து ரூபாய்.