ஓலுஃபின் கல்லறையில் கிடந்த இயந்திரம்

தோற்று ஓடிய ஜெர்மன்காரன் எங்கள் வடகோடி மீனவ ஊரான ஸ்கார்விக்கில் ஒரு கோழிக்கூட்டைக்கூட விட்டுவைக்காமல் எரித்தான். எங்களைத் தெற்கே விரட்ட உத்தரவு வந்த அன்று தூர்திஸ் அக்கா செய்த காரியம் இருக்கிறதே, அடேயப்பா! படகைத் தீக்குத் தப்பவைக்கக் கல்லேற்றிக் கரையோரத் தண்ணீரில் முக்கிவிட்டோம். படகின் இயந்திரத்தை அப்படி முக்க முடியுமா? அக்கா அதற்குக் கொழுப்புத் தடவி, பாய்த்துணி சுற்றிச் சவப்பெட்டியில் அடைத்து, கல்லறைத் தோட்டத்தில் புதைத்தாள். மேலே நட்ட சிலுவையில் புருஷன் ஓலுஃபின் பெயர். அந்த ஆள் எங்கோ கப்பல் வேலையில் உயிரோடு இருந்தான்! அவள் அழுத அழுகையில், பெட்டியின் கனம் தாங்காமல் தள்ளாடிய எங்களுக்கு ஒரு ஜெர்மன் சிப்பாயே ஓடிவந்து தோள்கொடுத்தான்.

போர் முடிந்ததும் திரும்பி வந்தோம். வீடேது? புல்மண்ணை அடுக்கிக் குடிசை போட்டோம். அரசாங்க அதிகாரி வந்து பார்த்து, பனிக்காலத்துக்குள் பிழைக்க வழி செய்துகொள்ளாவிட்டால் கப்பல் அனுப்பி எல்லோரையும் ஏற்றிவிடுவேன், ஊரை மூடிவிடுவேன் என்றார். மீன் பிடித்தால்தான் ஊர் நிற்கும். அதற்கு இயந்திரம் வேண்டும்.

ஓலுஃப் ஊர் திரும்பியதும் தன் கல்லறையைத்தான் முதலில் பார்த்தான். பெயர் எழுதிய குழியைத் திறந்தால், அந்தப் பெயர்க்காரனைக் கடல் பலியாகக் கேட்கும் என்பது எங்கள் மீனவர்களின் பயம். மனுஷன் வெளிறிப்போனான்.

"அடியே, ஊர்ல வேற பேரே கிடைக்கலையா உனக்கு?"

"வேற எவன் செத்தாலும் எனக்கு அப்படி அழுகை வருமாய்யா? அந்த ஜெர்மன்காரன் நம்பியிருப்பானா?"

"சிரிக்காதடி. தோண்டினா கடல் என்னைக் கேக்கும்."

"கேக்கட்டும். நானும் படகுல ஏறுறேன். ரெண்டு பேரையும் சேத்தே கேக்கச் சொல்லு!"

எங்கள் ஊரில் பொம்பளை மீன்படகில் ஏறியதே கிடையாது. அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. போன குளிரில் உறைந்த தரை இன்னும் இளகாமல் கல்லாக இறுகிக் கிடந்தது. கரை ஒதுங்கிய கட்டைகளை எரித்து, மண்ணை இளக்கித் தனியாகவே வெட்டினாள். கையெல்லாம் ரத்தம். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஓலுஃப் கடைசியில் எழுந்து வந்து, "தள்ளுடி, என் குழியை நானே வெட்டிக்கிறேன்," என்று கடப்பாரையைப் பிடுங்கினான்.

தண்ணீரில் முக்கிவைத்த படகைத் தூக்கி இயந்திரத்தைப் பூட்டினோம். அது இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். அன்று கடலுக்குப் போன படகில், சொன்னபடியே அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஓலுஃப் கரை திரும்பும்வரை சுக்கானை விடவே இல்லை. படகு விளிம்புவரை காட் மீன்.

பனி விழத் தொடங்கியதும் சொன்னபடி கப்பல் வந்தது. சுற்றுக் கரைகளில் காலி செய்த ஊர்களின் ஜனங்கள் மூட்டையோடு அதில் நின்றிருந்தார்கள். எங்கள் மீன்பிடிப்பை அறியாத அதிகாரி எங்களையும் ஏறச் சொன்னார். அக்கா மீன் வெட்டிய கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏறுறது இருக்கட்டும், ஐயா. மீனும் அதோட ஈரலும் வெந்திருக்கு. எல்லாரையும் இறங்கிச் சாப்பிடச் சொல்லுங்க."

இறங்கிச் சாப்பிட்டார்கள். கப்பல் ஊதியது, மறுபடி ஊதியது. எங்களில் ஒருவரும் ஏறவில்லை. இறங்கியவர்களில் மூன்று குடும்பங்கள் கப்பலுக்குத் திரும்பிப் போய், தங்கள் மூட்டைகளை எடுத்துக்கொண்டு எங்கள் கரைக்கே வந்துவிட்டன.