இடது பெடலுக்கு ஒரு மேடை

என் இடது கால் வலது காலைவிட ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் குட்டை. பள்ளிக்கூட நாட்களில் மாடிப்படியில் உருண்டு தொடை எலும்பை உடைத்துக்கொண்டேன். எலும்பு ஒட்டியது, ஆனால் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. அன்று முதல் இடது செருப்புக்கு மட்டும் அடி தடிமனாக வைத்துத் தைக்க வேண்டும். பாண்டி பஜாரில் எந்தச் செருப்பையும் வாங்கிய கையோடு காலில் போட்டுக்கொண்டு வந்தவள் இல்லை நான். வாங்கி, அடி கட்டக் கொடுத்து, காத்திருந்து, கடைசியில் இடது செருப்பு மட்டும் செங்கல் மாதிரி கனமாக வந்து சேரும்.

செருப்பாவது கடையோடு போயிற்று. எங்கே போனாலும் எனக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. "கொஞ்சம் மெதுவா போங்க, நானும் வரேன்." பள்ளித் தோழிகளிடம், அலுவலகத்தில் சாப்பிடக் கிளம்புகிறவர்களிடம், அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரர்களிடம் என்று இதைச் சொல்லிச் சொல்லி என் குரலே அந்தச் சொற்களுக்கு ஒரு தனி இராகம் கண்டுபிடித்து வைத்திருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள், உடனே நின்றார்கள். அப்படி அவர்கள் நிற்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிராத ஒரே ஆள் என் கணவர். பெண் பார்க்க வந்த அன்று எல்லாருமாகக் கபாலி கோயிலுக்குப் போனோம். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தபோது அவர் எனக்கு அரை அடி பின்னாலேயே வந்தார். வேகமாகவும் இல்லை, எனக்காக மெதுவாக நடப்பதுபோலவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நான் சம்மதம் சொல்லிவிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை வைத்த குடும்பம் அவர்களுடையது. என்னிடம் என்ன பிடித்தது என்று அவரைப் பிறகு கேட்டேன். நான் புடவைக்குப் பொருத்தமாக ரவிக்கை போட்டிருந்தேன் என்றார். கடைக்காரரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

இனி அந்த ஒற்றைச் சக்கரத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போன என் தம்பி, விற்றுவிடச் சொல்லி எங்கள் மயிலாப்பூர் வீட்டில் விட்டுப்போனது அது. நடுவில் பருத்த ஒரே சக்கரம், இரண்டு பக்கமும் மடக்கி விரிக்கிற பெடல்கள், உள்ளே பேட்டரி. நின்றுகொண்டு முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் வேகம் குறையும். முன்பின் விழாமல் அது பார்த்துக்கொள்ளும், பக்கவாட்டில் விழாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்பதற்குப் படம் எடுக்கத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா ஏறி நின்று பார்த்தேன். நடக்காமலே நகரலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் எடுக்கவில்லை.

என் அத்தை, அதாவது மாமியார், புது வண்டி ஓடத் தொடங்குவதென்றால் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் நசுக்காமல் விடமாட்டார். காருக்கு நான்கு, ஸ்கூட்டருக்கு இரண்டு. இதற்கு எத்தனை என்று நான் சீண்டினேன். அவர் சளைக்காமல் ஒரு பழத்தை எடுத்து வந்து வைத்தார். எனக்கு ஓட்டத் தெரியாது, அவர் மகனுக்கும் தெரியாது. கடைசியில் அவர் அதன் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பழத்தின் மேல் ஏற்றினார். அதோடு விட்டதா? மிளகாயும் எலுமிச்சையும் கோத்த திருஷ்டிச் சரத்தை எங்கே கட்டுவது என்று அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கட்ட ஒரு இடம் இல்லை. எங்கே கட்டினாலும் டயரில் உரசும்.

எனக்குத் தேனாம்பேட்டையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. கணினியில் வரைபடம் போடுகிறேன். மாதிரிக் கட்டடங்களை அச்சிட அங்கே வைத்திருந்த பழைய முப்பரிமாண பிரின்டரை மாற்றியபோது, அது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக் நூலை உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காகப் பரப்பி, நாம் வரைந்த உருவத்தைக் கையில் கொடுக்கும். அதில் நான் அச்சிட்ட முதல் உதிரி பாகம் திருஷ்டிச் சரத்துக்கான கொக்கிதான். டயரைத் தொடாமல் சரம் தொங்குவதற்கு யானைத் தும்பிக்கைபோல வெளியே வளைந்திருக்கும். வேண்டாவெறுப்பாகத்தான் வரைந்தேன். ஆனால் முடித்தபின் அதன் வளைவு எனக்கே பிடித்துப்போனது. அத்தைக்கோ பெருமை தாங்கவில்லை, வீட்டுக்கு வந்தவர்களிடம் வண்டியை விட்டுவிட்டுக் கொக்கியைத்தான் காட்டினார்.

பிறகு வேகம் பிடித்தது. சுவரில் சாய்க்காமல் நிறுத்த ஒரு தாங்கி, மழைத் தண்ணீர் முதுகில் அடிக்காமல் இருக்க ஒரு மட்கார்டு நீட்டம், விளக்குக்கு ஒரு பிடி. எல்லாம் அச்சிட்டேன். ஓட்ட மட்டும் வரவில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் காலை வேளையில் பழகினேன். கணவர் கூடவே நடந்து வருவார். ஏறி நின்றால் வண்டி இடப்பக்கமாகவே வட்டமடித்தது. கால் குட்டையாக இருந்தால் இடுப்பு சாயும், இடுப்பு சாய்ந்த பக்கம்தான் அதுவும் போகும். என் கனத்த செருப்போடு ஏறினால் பெடலை உணரவே முடியவில்லை, வழுக்கியது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. செருப்புக்கு அடி கட்டுவதற்குப் பதில் பெடலுக்குக் கட்டினால் என்ன?

இடது பெடலின் அச்சு அசலான அளவில் ஒரு மேடை வரைந்தேன். முதலில் செய்தது அதிகப்படியான உயரம், வண்டி வலப்பக்கம் வட்டமடித்தது. கணவர் ஓரமாக நின்று, முன்னேற்றம்தான் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒருநாள் சரியாக வந்தது. அன்று சாயங்காலமே பாண்டி பஜாருக்குப் போய் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கினேன். இரண்டும் ஒரே உயரம். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து கால்களை நீட்டிவைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்தது.

கடற்கரையில் எனக்கு இன்னொரு துணை கிடைத்திருந்தது. ஊரூர் குப்பத்துக்காரி, மீன் விற்கிற அக்கா. நான் தடுமாறி ஏறுவதைச் சில நாள் பார்த்துவிட்டு, ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராக வந்து நின்றார். "இன்னாமா, ஒத்த சக்கரத்துல சர்க்கஸ் காட்டிக்கினு கீற? புடி, என் தோளப் புடி." அதன்பிறகு நான் ஏறும்போதெல்லாம் அவர் தோள்தான். கணவரின் தோள் உயரம், எனக்கு எட்டவில்லை. அக்காவின் தோள் கம்பிவேலி மாதிரி கிண்ணென்று நிற்கும். குளிர்ந்த அந்த மாதங்கள் முழுக்க, ஓரடி, ஈரடி, ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்தது என்று முன்னேறினேன். ஆனால் ஏறி இறங்கவும் திரும்பவும்தான் என் கவனமெல்லாம் போனது. வேகமாகப் போகத் துணிவில்லை. கணவர் அதே அரை அடி பின்னால்.

பிறகு வெயில் வந்தது. ஒருநாள் ஓட்டிப் பழகிவிட்டு, வண்டியை மணலோரம் நிறுத்திவிட்டு அக்காவின் குடை நிழலில் மீன் வாங்க உட்கார்ந்தேன். வஞ்சிரம் வேண்டும் என்று போனவள், பேச்சு வளர்ந்து அங்கேயே கிடந்தேன். வெயில் ஏறிவிட்டது. கணவர் அன்று கடை திறக்க முன்னதாகவே போயிருந்தார். கடைசியாக ஒரு சுற்று என்று அக்காவின் தோளைப் பிடித்து ஏறி, கையை விட்டேன். இடது காலுக்குக் கீழே மேடை குழைந்து ஒரு பக்கமாக அமிழ்ந்தது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அது என்னை விட்டுவிட்டுத் தானே உருண்டுபோய் நண்டுத் தட்டில் முட்டிக் கவிழ்ந்தது.

நான் அச்சிடுகிற நூல் மக்காச்சோளத்திலிருந்து செய்வது. ஏசி அறையில் கல்லாக நிற்கும், வெயிலில் குழையும். இது எனக்குத் தெரியாததல்ல. அலுவலகத்தில் ஒருமுறை மூடிய காரில் வைத்த மாதிரிக் கட்டடத்தின் மொட்டைமாடி தொட்டில் மாதிரி தொங்கியபோது, வைத்தவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. கட்டடத்துக்குத் தெரிந்தது காலுக்குத் தோன்றவில்லை. சென்னையில் இருந்துகொண்டு வெயிலை மறந்தேனே என்று மணலில் உட்கார்ந்தபடி என்னையே திட்டிக்கொண்டேன்.

மணிக்கட்டு வீங்கியது. அக்கா நண்டுகளைப் பொறுக்குவதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளித் தன் துண்டில் முடிந்து என் கையில் கட்டினார். "ஆடாம குந்து. எலும்பு ஒண்ணும் போவல" என்று சொல்லிவிட்டு என் போனை வாங்கிக் கணவரை அழைத்தவரும் அவர்தான். கையில் மீன் வாடை போகச் சில நாட்கள் ஆயின. இப்போதும் அந்த வாடை எங்கேயாவது வந்தால் நான் முகம் சுளிப்பதில்லை, மனசு இளகிவிடுகிறது.

வீட்டில் அத்தை, போதும்மா இந்த விளையாட்டு என்றார். கோபத்தில் இல்லை, பயத்தில். வண்டியை விற்றுவிடலாமா என்று கணவரும் மெல்லக் கேட்டார். கை வலித்தது உண்மை. ஆனால் அன்று குளியலறையில் நான் அழுதது கைக்காக இல்லை. மூலையில் அந்தச் செங்கல் செருப்பு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இனி அதுதான், இனி மறுபடியும் எல்லாரிடமும் மெதுவாகப் போகச் சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்துத்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் அந்தக் குழைந்த மேடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் தேய்த்தார். முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். கடையில் துணி வாங்கும்போது பார்க்கிற அதே பார்வை.

"வெயிலுக்கு நிக்கிற நூலே கிடையாதா இதுல?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றது. சாயம் போகிற நூல், சுருங்குகிற நூல், வெயில் தாங்குகிற நூல் என்று வாழ்நாளெல்லாம் நூலோடு இருப்பவருக்கு இதுவும் ஒரு நூல் சமாசாரம். விற்றுவிடலாமா என்று கேட்டவர்தான், ஆனால் இப்போது ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்று நினைக்கவில்லை, நூலை மாற்ற வேண்டும் என்று நினைத்தார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். அப்படி ஒரு நூல் உண்டு, ஆனால் அதை அச்சிடுவது பெரும் தொல்லை, காற்று பட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும் என்றேன். அப்படியானால் காற்றே படவேண்டாம் என்றார். அவரே அலைந்து வாங்கிவந்தார்.

எங்களுடையது சிறிய வீடு, பிரின்டர் இருப்பது கூடத்தில். சித்திரை வெயிலில் ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினோம். கடையிலிருந்து புடவைகள் வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கணவர் பிரின்டரின் மேல் கவிழ்த்தார். அச்சாகி முடிய ஒரு பகல் பிடித்தது. உருகுகிற பிளாஸ்டிக் வாடை அத்தைக்குப் பிடிக்காது என்று அவரை உள்ளறைக்குப் போகச் சொன்னேன், அங்கே விசிறி ஓடும். அவர் போய்விட்டு உடனே திரும்பி வந்தார். உள்ளே காற்றை ஓடவிட்டால் கதவிடுக்கு வழியாக வந்துவிடாதா என்று கேட்டார். கேட்டுவிட்டு நாளிதழை மடித்து விசிறிக்கொண்டு எங்களோடு வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். விசிறியது பிரின்டருக்கு எதிர்ப்பக்கமாக. போதும் என்று சொன்ன அதே அத்தைதான். வியர்வை வழிய மூன்று பேரும் மோர் குடித்துக்கொண்டு என் காலுக்காக ஒரு பகல் முழுவதும் காற்றில்லாமல் உட்கார்ந்திருந்தோம். இப்படி மனிதர்கள் எனக்கு வாய்க்க நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

பெட்டியைத் தூக்கியபோது ஓரம் தூக்காமல் மேடை தட்டையாக உட்கார்ந்திருந்தது. இந்தமுறை ஒட்டுநாடாவை நம்பாமல் பெடலோடு திருகாணி போட்டு முடுக்கினேன். ஏறிப் பார்ப்பதற்கு முன் அதை மொட்டைமாடி உச்சி வெயிலில் வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றிவைத்தோம். அசையவில்லை.

கை சரியானதும் கடற்கரைக்குப் போனோம். அக்கா தூரத்திலேயே பார்த்துவிட்டு, மீன் தட்டுகளை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே வந்து தோளைக் கொடுத்தார். ஏறி நின்றேன். இடுப்பு நேராக இருந்தது. கணவர் வழக்கம்போல அரை அடி பின்னால் வந்து நின்றார். "போம்மா, ஒண்ணும் ஆவாது" என்று அக்கா சொன்னார். கையை எடுத்தேன்.

முதல் விளக்குக் கம்பம் வரை பெடலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மறந்துபோனேன். முகத்தில் கடல்காற்று அடித்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன், வண்டி கேட்டுக்கொண்டது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். யாரையாவது கடந்துபோவது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கொக்கியில் திருஷ்டிச் சரம் தாளம் போட்டுக்கொண்டு வந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது. பிறகு மூச்சிரைக்கிற குரல். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இத்தனை வருடங்களில் அவர் வாயிலிருந்து ஒருமுறைகூட வராத வார்த்தைகள்.

"ஏய், கொஞ்சம் மெள்ளப் போ. நானும் வாரேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் விழுந்துவிடுவேன். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் பின்னால் சாய்ந்து, அவருக்காக வேகத்தைக் குறைத்தேன்.