நீர்க்கட்டியும் நான் நிறுத்திய தண்ணீரும்

என் தங்கையை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் சலவைக் கடையின் முன்மேசையில் அவள் உட்கார்ந்தால், துணி வாங்க வந்தவர்கள் போக மனமில்லாமல் நிற்பார்கள். உள்ளே அனலில் இஸ்திரி போடும் எனக்கு அவள் சிரிப்புதான் மின்விசிறி.

இருபது வயதுக்குமேல் அவள் தாடையில் கொஞ்சம் கொஞ்சமாக முடி முளைத்தது. பூனைமுடி என்று நினைத்தோம். அது கறுத்தது. மேலுதட்டிலும் வந்தது. ஒருநாள் ஒரு பெரியவர், "தம்பி, என் சட்டை வெளுத்தாச்சா?" என்று கேட்டார். பாவம், அவருக்குக் கண் மங்கல். ஆனால் கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"நீ முன்னாடி போக்கா. நான் இஸ்திரி போடறேன்" என்று அன்றே என் இடத்துக்கு வந்துவிட்டாள். அதோடு பேச்சும் நின்றுபோனது.

ஏன் முடி வருகிறது? ஆளுக்கொரு பதில். சின்ன வயதில் அப்பாவின் சவரக் கத்தியை எடுத்து விளையாடினாளே, அதுதான் என்றார் அத்தை. "பொண்ணைப் பையன் மாதிரி வளர்த்தீங்க, பையனாவே வருது" என்றாள் சித்தி. "வாய் வேலைநிறுத்தம் பண்ணுது, தாடி வேலைக்கு வந்திருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். ஈரத்துண்டு ஒன்று அவர் முகத்தில் போய் விழுந்தது. எறிந்தது நான்தான். கடவுளிடமும் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்கிறவர் இல்லை.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். "சினைப்பையில நீர்க்கட்டி இருக்கு" என்றார். அதற்குமேல் நிறையச் சொன்னார். என் காதில் அந்த ஒரு வார்த்தைதான் நின்றது.

உள்ளே நீர் கட்டி நிற்கிறதென்றால், ஊற்றுவதை நிறுத்த வேண்டாமா? வீட்டுக்கு வந்ததும் அவள் கையிலிருந்த சொம்பை வாங்கி வைத்தேன்.

"காலையில அரை டம்ளர், சாயங்காலம் அரை டம்ளர். அவ்வளவுதாண்டி."

"டாக்டரா சொன்னாங்க?"

"ஆமா" என்றேன். நான் புரிந்துகொண்டதையே அவர் சொன்னதாக நம்பினேன்.

ஆறாம் நாள் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே மயங்கிச் சாய்ந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"தண்ணிய நிறுத்தச் சொன்னது யாரு?" என்றார் டாக்டரம்மா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைபோல நான் கை தூக்கினேன்.

"நீர்க்கட்டின்னா குடிக்கிற தண்ணி தேங்கி நிக்கிறது இல்லம்மா. முட்டை முழுசா வளராம, சின்னச் சின்னப் பையா நின்னுபோறது. ஆம்பளைச் சுரப்பு, அதான் ஹார்மோன், எல்லாப் பொம்பளைக்கும் கொஞ்சம் இருக்கும். இவளுக்கு அது கூடிப்போச்சு, அதான் முடி. சிலருக்குப் பரம்பரையா வரும், சிலருக்கு மாத்திரையால வரும், சிலருக்கு ஏன்னே தெரியாது."

"எல்லாப் பொம்பளைக்குமா? எனக்குமா?"

"உங்களுக்கும்தான்."

படுத்திருந்தவள் வெகுநாள் கழித்து வாய் திறந்தாள். "சவரம் பண்ணா இன்னும் தடிச்சு வருமா டாக்டர்?"

"வராது. வெட்டின முனை மொட்டையா இருக்கறதால அப்படித் தெரியும், அவ்வளவுதான். நான் தர்ற மாத்திரை வேலை செய்ய மாசக்கணக்காகும். அதுவரைக்கும் சவரம் பண்றதும் பண்ணாததும் உன் இஷ்டம்."

மறுநாள் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். புது பிளேடு வாங்கிச் சவரம் செய்துகொண்டாள். முன்மேசையில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெரியவரே வந்தார்.

"தம்பி இல்லையாம்மா?"

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன்.

"தம்பி லீவு தாத்தா. தங்கச்சிதான் இருக்கேன். சட்டையோட உங்க மூக்குக்கண்ணாடியையும் குடுங்க, வெளுத்துத் தர்றேன்."

பெரியவர்தான் முதலில் சிரித்தார். என் மின்விசிறி மறுபடி சுற்றியது. இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது என் தாடையைத் தடவினேன். ஒரே ஒரு முடி குத்தியது. பரம்பரையா, சுரப்பா, எப்போது வந்ததோ, ஒன்றும் புரியவில்லை. கடவுளே, பெண்ணுக்குள் இதையெல்லாம் எதற்கு வைத்தாய் என்று கேட்டுவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.