கூத்துப் பெட்டித் தாடி

ஆரையம்பதி யோகராசா மனிதர்களை நேருக்கு நேர் பார்த்ததைவிடக் கமராவின் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததுதான் அதிகம். 1984இல் கடன்பட்டு ஒரு வண்ணத் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் வாங்கி, மாட்டு வண்டிலில் ஏற்றி, மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் படம் காட்டத் தொடங்கினார். பிறகு ஒரு கமராவும் சேர்ந்தது. கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, கோயில் திருவிழா, செத்த வீடு என்று எதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களுக்கும் போவார். அங்கே ஆண்கள் பக்கத்தை அவர் எடுப்பார். பெண்கள் இருக்கும் அறைக்குள் கமராவைக் கொண்டு போவது அவருடைய மனைவி.

படம் காட்டிக் காட்டியே அவருக்கு உலகத்து மதங்கள் எல்லாம் பழக்கமாகியிருந்தன. படத்தில் முஸ்லிம் என்றால் தாடி, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் தாயத்து. ஒன்று, அவன் கதாநாயகனுக்காகக் குண்டடிபட்டுச் சாகிற நண்பனாக இருப்பான். இல்லாவிட்டால் பெட்டிக்குள் குண்டை வைத்துவிட்டு ஓடுகிறவனாக இருப்பான். கிறிஸ்தவர் என்றால் வெள்ளை அங்கி போட்ட பாதர். அவர் பேசத் தொடங்கினால் எங்கிருந்தோ மணி அடிக்கும். சைவர் என்றால் கோயில் வாசலில் நின்று சாமியோடு சண்டை பிடிக்க வேண்டும். கடைசியில் சூலம் தானாகப் பறந்து வந்து வில்லனைக் குத்தும். புத்த பிக்கு வாயே திறக்கமாட்டார், ஒரு மரத்தின் கீழே நடந்து போவார். யோகராசா இதிலெல்லாம் ஒரு குறையும் கண்டதில்லை.

குறை கண்டவர் ஹலீம்தான். காத்தான்குடிப் பிரதான வீதியில் புடவைக் கடை வைத்திருந்த ஹலீம், யோகராசாவுக்கு வாலிப வயதிலிருந்தே சிநேகிதர். ஒவ்வொரு நாளும் முகச்சவரம் செய்து, எண்ணெய் பூசித் தலை சீவி, சாரமும் அரைக்கைச் சட்டையுமாக நிற்கிற மனிதர்.

"எங்கட ஆக்கள் ஒருத்தர், படம் முடியிறதுக்குள்ள மவுத்தாகாம உசிரோட வீட்ட போற படம் ஒண்டு இருந்தாக் கொண்டு வா மச்சான். காசு நான் தாறன்," என்பார்.

"அப்பிடிப் படம் ஓடாதுடா," என்பார் யோகராசா.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஹலீம் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டால், கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு யோகராசா காவல் இருப்பார். அது அவர்களுக்குள் இருந்த வழக்கம். தொண்ணூறில், ஒட்டிக் கிடந்த இந்தத் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் நடந்த கொலைகளை இங்கே எழுதத் தேவையில்லை. அந்த வழக்கம் சில வருடங்கள் நின்று போனது. எல்லையைத் தாண்டி முதலில் வந்தவர் ஹலீம். சைக்கிளில் வந்து, யோகராசாவின் படலையில் நின்று, "கடையப் பாக்க ஆளில்லாமக் கிடக்கு. வாறாயா இல்லையா?" என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை யோகராசா போனார்.

2004 டிசம்பரில் கடல் வந்தபோது ஹலீமின் வீடு பூநொச்சிமுனையில், கரைக்குப் பக்கத்தில் இருந்தது. மனைவி ஸகியாவை ஒரு தென்னை தடுத்துக் காப்பாற்றியது. மகன் றிஷாட் பாடம் ஓதப் போயிருந்ததால் தப்பினான். ஏழு வயது மகள் நஸ்ஹா ஹலீமின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினாள். கை விட்டுப் போனது. அந்தக் கிழமை முழுவதும் ஹலீமோடு யோகராசாவும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வாவிக்கரை என்று தேடித் திரிந்தார். பிள்ளை கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் செப்டெம்பரில் கொழும்பிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். தமிழ்ப் பொடியன், மரியாதையான ஆள். வெளிநாட்டு உதவிப் பணத்தில் ஒரு குறும்படம். கடல் எல்லோரையும் ஒன்றாக்கியது என்பது கதை. ஒரு சைவப் பெண், ஒரு பாதர், ஒரு முஸ்லிம், ஒரு பிக்கு. நால்வரும் தங்கள் தங்கள் கடவுளைக் கூப்பிட்டு அழுவார்கள், கடைசியில் வாவிக்கரையில் கை கோர்ப்பார்கள். பிக்குவைக் கொழும்பிலேயே எடுத்துச் சேர்த்துக்கொள்வதாகத் திட்டம். கமராவுக்கும், ஆட்களைப் பிடித்துத் தருவதற்கும் யோகராசா. கலியாண வீட்டுக் கமராக்காரருக்கு முதன்முதலாக ஒரு 'சினிமா' வந்திருந்தது. அவர் புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

சைவப் பெண்ணுக்கு யோகராசா பிடித்து வந்தவர் ஆச்சிப்பிள்ளை. கடலில் மருமகனைப் பறிகொடுத்தவர். இடிந்த கோயில் முன்னால் கற்பூரம் கொளுத்தி, நெற்றி நிறைய விபூதி பூசி, "உனக்குக் கண்ணில்லையா" என்று சாமியைக் கேட்க வேண்டும் என்றார் டைரக்டர். ஆச்சிப்பிள்ளை கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

"செத்தவீடு நடந்து வருசம் திரும்பல்ல மனே. நான் இன்னும் கோயில் வாசல் மிதிக்கல்ல. சாமிக்கு முன்னால நிண்டு சண்டை பிடிக்கிற பொம்பிளைய நீங்க எங்க கண்டயள்? படத்திலயா?"

"நடிப்புத்தானே அம்மா."

"நடிக்கிறவளக் கூட்டிற்று வாங்க. நான் சோறாக்கப் போறன்," என்று சீலையை உதறிவிட்டுப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வேறொரு பெண் வந்து, டைரக்டர் கேட்டபடியே சண்டை பிடித்தார்.

ஹலீம் அப்படிப் போகவில்லை. போயிருக்கலாம். யோகராசா கேட்டார் என்பதற்காக வந்தவர், யோகராசாவுக்காகவே நின்றார்.

டைரக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா, இவரப் பார்த்தா முஸ்லிம் மாதிரித் தெரியலையே."

"மறுகா என்ன மாதிரித் தெரியுது தம்பி?" என்றார் ஹலீம்.

"தப்பா நினைக்காதீங்க. பாக்கிற ஆளுக்கு உடனே விளங்கணும். தொப்பி போடலாம். தாடி இல்லாம எப்படி..."

ஹலீம் சிரித்துக்கொண்டு திரும்பினார். "மச்சான், நீ ஒருக்காச் சொல்லன், நான் முஸ்லிம்தான் எண்டு. முப்பது வருசமாப் பாக்கிறாயே."

எல்லோரும் சிரித்தார்கள். யோகராசா அப்போது சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வசனம். அந்த வசனம் அவருடைய வாயில் வரவில்லை. அவருக்கும் கமராவுக்குள் பார்த்தபோது ஏதோ குறைவதாகத்தான் பட்டது.

"தாடி ஒண்டு எடுக்கலாம்," என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கந்தப்போடியின் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு மரப்பெட்டியில் கூத்துச் சாமான்கள் இருந்தன. தாடி என்று அதில் இருந்தது ஒன்றே ஒன்று. பிள்ளை பிடிக்கிற அரக்கன் சபைக்கு வரும்போது கட்டுகிற தாடி. ஒருமுறை ஆட்டத்தில் தீப்பந்தம் பட்டு இடது பக்கம் எரிந்து போக, அந்த இடத்தில் தேங்காய்த் தும்பு வைத்துத் தைத்திருந்தார்கள். தும்பின் மண்ணிறம் தெரியாமல் யோகராசா கண்மை பூசினார். ஓரங்களைக் கத்தரித்தார். கோந்து வைத்து ஹலீமின் மழித்த கன்னத்தில் தானே ஒட்டினார்.

"ஆர்ர தாடிடா இது? கிடாய் மணக்கு."

"கூத்துச் சாமான்."

"ராசாவுக்கு உரியதா?"

"ஓம், ஓம். அசையாத," என்றார் யோகராசா.

ஹலீம் மணலில் அமர்ந்து, கடலைப் பார்த்து, இரண்டு கைகளையும் ஏந்தினார். சும்மா உதட்டை அசைத்தால் போதும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். ஹலீமும் அப்படித்தான் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அவரையறியாமல் குரல் வந்தது. "நஸ்ஹா" என்றார். "வாப்பா விடல்ல கிளி. தண்ணிதான் இழுத்தது. வாப்பா விடல்ல." ஒன்பது மாதமாக அவர் எவருக்கும் முன்னால் அழுததில்லை.

கமராவுக்குள் யோகராசாவுக்கு எல்லாம் தெரிந்தது. கண்ணீர் பட்டுக் கோந்து இளகுவதும், தாடியின் ஓரம் கன்னத்தை விட்டு எழும்புவதும், மை கரைவதும். நிற்பாட்டு என்று சொல்லலாம். சொல்லாமல், தாடியின் ஓரம் தெரியாதபடி கண்களை நெருங்கிப் போனார். அப்படி ஒரு காட்சி தன் வாழ்நாளில் கிடைத்ததில்லை என்று மனம் துள்ளியது. டைரக்டர் கை தட்டினார். தாடியைக் கழற்றும்போது ஹலீமின் கன்னத்துத் தோல் சிவந்திருந்தது. அவர் கடலில் முகத்தைக் கழுவிக்கொண்டு போனார்.

ஓராண்டு நினைவு நாளில், எல்லைப் பக்கத்து மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். ஒரு பக்கம் ஆரையம்பதிச் சனம், மறுபக்கம் காத்தான்குடிச் சனம். இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடியது நெடுநாளைக்குப் பிறகு. முன்வரிசைக் கதிரையில் ஹலீம், ஸகியா, றிஷாட். ஸகியா மகளின் பெயர் படத்தில் வருகிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். படக்கருவிக்குப் பக்கத்தில் யோகராசா, அதே புதுச் சட்டையோடு.

கமராவை நெருக்கி மறைத்துவிட்டதாக நினைத்தது, பன்னிரண்டு முழத் துணியில் தெரிந்தது. ஹலீமின் முகம் துணி நிறைய வந்தது. எரிந்த இடத்துத் தும்பு, மை கரைந்து, மண்ணிறமாகப் பளிச்சென்று தெரிந்தது. ஆரையம்பதியில் அந்தத் தும்பை அறியாத பிள்ளை இல்லை.

"அம்மா, அரக்கன்!" என்றது ஒரு பிள்ளையின் குரல்.

"அடேய், நம்மட அரக்கன்டா!" என்றது இன்னொன்று. யாரோ வாயால் மத்தளம் போட்டார்கள். தமிழ்ப் பக்கம் முழுவதும் கொல்லென்று சிரித்தது. துணியில் ஹலீம் "வாப்பா விடல்ல கிளி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது ஒருவருக்கும் கேட்கவில்லை. யோகராசாவும் சிரித்தார். நினைத்துச் சிரிக்கவில்லை. தும்பைக் கண்டதும், பிள்ளையின் குரலைக் கேட்டதும், வயிற்றிலிருந்து வந்துவிட்டது. பாதியில் அடக்கிக்கொண்டார். பாதி வெளியே போய்விட்டது.

மறுபக்கத்தில் இருந்தவர்கள் அந்தக் கூத்தைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு விளங்கியது ஒன்றுதான்: தொப்பியும் தாடியுமாகப் பிள்ளையை இழந்து அழுகிற ஒரு முஸ்லிமைப் பார்த்துத் தமிழர்கள் அரக்கன் என்கிறார்கள், சிரிக்கிறார்கள். கதிரைகள் விழும் சத்தம் கேட்டது. ஹலீம் எழுந்து, கையை உயர்த்தித் தன் ஆட்களை அமர்த்தினார். ஸகியா முக்காட்டை இழுத்து முகத்தை மூடியிருந்தார். மூவரும் துணிக்கு முன்னாலேயே நடந்து போனார்கள். படத்து ஹலீமின் வெளிச்சம் அவர்களுடைய முதுகில் விழுந்தது. மைதானத்தின் ஒரு பாதி அவர்களுக்குப் பின்னால் எழுந்து போனது.

அதற்குப் பிறகு யோகராசா மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போனால், ஹலீமின் கடை இல்லாத பக்கத்து யன்னலோரமாக அமர்வார். கந்தப்போடியிடம் தாடியைத் திருப்பிக் கொடுத்தபோது, "கேட்டிருந்தா நான் தந்திருக்க மாட்டன்," என்றார் அண்ணாவியார். அன்றைக்கு அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் பெட்டியைத் திறந்திருந்தார் யோகராசா. வாகரைப் பக்கமிருந்து சண்டையில் இடம்பெயர்ந்த சனம் வந்தது, போனது. 2009 மே மாதம் சண்டை முடிந்ததென்று நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். யோகராசா கமராவை வெளியே எடுக்கவில்லை.

அடுத்த மாதம் டைரக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். சமாதானத்தைப் பற்றி ஒரு படம். "அந்த அழுத முஸ்லிம் ஐயா இருக்கிறார்தானே? அவர் கட்டாயம் வேணும். நானே கடைக்குப் போய்க் கேக்கிறன்."

அந்தத் தம்பி போய்க் கேட்பதற்கு முன்னால் தான் போயாக வேண்டும் என்று யோகராசாவுக்கு விளங்கியது. மறுநாள் பகல் காத்தான்குடியில் இறங்கினார்.

ஹலீம் பூப்போட்ட சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார். முகத்தில் தாடி. நரைத்த, ஒழுங்காகக் கத்தரித்த, சொந்தத் தாடி. யோகராசா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வா. ஏன், ஆளத் தெரியல்லையா?" என்றார் ஹலீம். துணியைக் கத்தரித்து மடித்தார். "இப்ப நான் முஸ்லிம் மாதிரி இருக்கனா?"

யோகராசா வாடிக்கையாளர் அமரும் மர வாங்கில் அமர்ந்து, டைரக்டர் வரப்போவதைச் சொன்னார். "நான் ஓம் எண்டு சொல்லல்ல. நீயும் சொல்லாத. அதச் சொல்லத்தான் வந்தன்."

"அதுக்கு மட்டுமா?"

யோகராசா வாங்கில் கிடந்த துணித்துண்டை மடித்து வைத்தார்.

"அண்டைக்கு உன்ட ஊர்ச் சனம் சிரிச்சது. ஏன் சிரிச்சது எண்டு பிறகு விளங்கினது. கந்தப்போடியர் வந்து சொன்னார், அது ஆர்ர தாடி எண்டு. நீ வருவாய் எண்டு பாத்தன்." ஹலீம் அளவுகோலை மேசையில் வைத்தார். "ஒண்டு கேக்கன். நீயும் சிரிச்சாயா?"

இல்லை என்று சொல்லலாம். படக்கருவியின் இரைச்சலில் யாருக்குக் கேட்டிருக்கும்?

"ஓம்," என்றார் யோகராசா. "சிரிச்சன்."

"எனக்குத் தெரியும். உன்ட சிரிப்பு எனக்குத் தெரியாதாடா?" ஹலீம் அளவுகோலை எடுத்து ஆணியில் மாட்டினார். "அந்தத் தாடியோட என்னக் கண்டிருந்தா நஸ்ஹாவும் சிரிச்சிருப்பாள். விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாள். அத நினைச்சாத்தான் எனக்கு ஏலாமப் போறது."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஹலீம் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, கடைக் கதவைப் பாதி இறக்கினார். குனிந்து வெளியே போனார். கடையைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. எழும்பு என்றும் சொல்லவில்லை.

யோகராசா எழுந்து நின்றார். போவதா, இருப்பதா என்று தெரியவில்லை. எதிர்ச்சுவரில், சீலை பிடித்துப் பார்க்கிற நிலைக்கண்ணாடியில் அவருடைய மழித்த முகம் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பினார். அப்போது கதவுக்குக் கீழே ஒரு பெண் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"மொதலாளி இல்லையா?"

"தொழப் போயிருக்கார்," என்றார் யோகராசா. "இப்ப வந்திருவார்."

ஹலீமின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. முன்பெல்லாம் காவல் இருக்கும்போது யோகராசா அமருவது அதில்தான். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. வாங்கின் ஓரத்தில், பாதி இறங்கிய கதவைப் பார்த்தபடி, மீண்டும் அமர்ந்தார்.