சத்தமில்லாமல் குறைந்த சுண்ணாம்பு

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அக்கா அன்று காலையிலேயே போன் செய்தார். "ஏனுங்க, முட்டையக் கையில எடுத்தாலே ஒடையுதுங்க. உங்க கம்ப்யூட்டர் சொன்னபடிதானே தீவனம் அரைக்கறோம்?"

அந்தத் தீவனக் கணக்கு புரோகிராமை எழுதியது ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்கள் அலுவலகம்தான். என் சீனியர் போனை வாங்கினார். எதையும் பார்க்காமலே, "தீவனம் கலக்கறவர் சுண்ணாம்பைக் குறைச்சிருப்பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. புரோகிராமைத் திறந்து பார்த்தேன். முட்டைக்கோழித் தீவனத்தின் அளவுகள் ஆப்ஜெக்ட் என்னும் ஒரு தரவுத் தொகுப்பில் இருந்தன. முட்டை ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்பு நிறைய வேண்டும்; குஞ்சுகளுக்குக் கொஞ்சம் போதும் என்பதால், அந்த ஆப்ஜெக்ட்டை வாங்கிச் சுண்ணாம்பைக் குறைக்கும் ஃபங்ஷன் ஒன்றை, அதாவது ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பைச் சீனியர் எழுதியிருந்தார். நாங்கள் புரோகிராம் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஃபங்ஷனுக்கு ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால் நகல் போகாது. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றேதான். குஞ்சுக்குக் குறைத்தது முட்டைக்கோழிக்கும் குறைந்துவிட்டது.

நகலெடுத்து அதை மட்டும் மாற்றும்படி ஒரு வரியைத் திருத்தினேன். சாயங்காலம் அக்காவை அழைத்து, தப்பு எங்களுடையது என்றேன்.

"கலக்கற ஆள எல்லாரு முன்னாடியும் திட்டி அனுப்பிப்போட்டேனே சாமி! இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்புடுவேன்?"

சீனியர் என்மேல் பாய்ந்தார். "கஸ்டமர்கிட்ட எதுக்குச் சொன்னீங்க? சத்தமில்லாம மாத்திட்டுப் போயிருக்கலாமே!"

அவருடைய ஃபங்ஷன் அசலைச் சத்தமில்லாமல் மாற்றியதால்தான் இத்தனையும் என்பது அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

அவருடைய எந்த ஃபங்ஷனுக்கும் நான் இப்போது அசலைக் கொடுப்பதில்லை.