கடைசி செட்டும் மோட்டார் செட்டும்

'செட்' என்ற ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொண்டால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பேச்சே வராது. கிணற்றில் ஓடுவது மோட்டார் செட். பண்டிகைக்கு மரத்தில் கட்டுவது மைக் செட். கூடப் படித்தவர்கள் நம்ம செட். பாலக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பசித்தால் செட் தோசை. என் கல்யாணப் பேச்சோ 'இன்னும் செட் ஆகல'. விசாரிக்க வருகிறவர்களிடம் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

என் தங்கைக்கு மட்டும் செட் என்றால் வாலிபால்தான். போன பண்டிகையில் நடந்த பெண்கள் போட்டியில் அவள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கோ ஒரே ஒரு குறை. அவள் ஆடி அப்பா பார்த்ததே இல்லை. அன்று காலை அவர் பின்னாலேயே சுற்றி வந்தாள்.

"ஒரே ஒரு செட்டு வந்து பாருங்கப்பா."

"மோட்டார் செட்ட விட்டுட்டு எங்க கண்ணு வர்றது?" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தக்காளி பூத்து நின்ற நேரம் அது. த்ரீ பேஸ் கரண்ட் வருவதே கொஞ்ச நேரம்தான். அது இருக்கும்போது மோட்டாரை நிறுத்துவதை எங்கள் பக்கம் யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்பா இழவு வீட்டுக்கே கரண்ட் போன பிறகுதான் கிளம்புவார். அது தெரிந்தும் தங்கை முகம் வாடியபோது எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

முதல் செட் எங்களுக்கு. இரண்டாவது கைநழுவிப் போனது. வேப்பமரத்து மைக் செட்டில் ஒரு அண்ணன் ஒவ்வொரு பாயிண்டையும் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். அது எங்கள் தோட்டம் வரை கேட்கும். கடைசி செட் பதினாலுக்குப் பதினாலு என்று வந்ததும் அந்த மனுஷன் மைக்கை மறந்து, வாயைப் பிளந்து ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எதிரணி ஒரு பாயிண்ட் போட்டது, நாங்கள் ஒன்று போட்டோம். மறுபடி அப்படியே. கத்திக் கத்தி என் குரல் போயே போய்விட்டது. அப்போது பக்கத்தில் யாரோ மூச்சு வாங்க வந்து நின்றார்கள். திரும்பினால் அப்பா! முழங்கால் வரை சேறு, தோளில் மண்வெட்டி.

"மைக்கில சத்தத்தயே காணோம். புள்ளைக்கு எங்கனா அடிகிடி பட்டுடுச்சா?"

நான் கையை நீட்டித் தங்கையைக் காட்டினேன். தங்கையும் அவரைப் பார்த்துவிட்டாள். அடுத்த பந்து வலைக்கு மேலே எழுந்தபோது அவள் குதித்த குதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஓங்கி ஓர் அடி. பந்து எதிர்ப்பக்கம் விழுந்த இடத்தில் புழுதி கிளம்பியது. அடுத்த பாயிண்டும் எங்களுக்கே. ஜெயித்தேவிட்டோம்! அப்பா தோளில் மண்வெட்டி இருப்பதை மறந்து கைதட்டப்போக, பக்கத்தில் நின்றவர்கள் அலறி விலகினார்கள்.

கோப்பையோடு மூவரும் தோட்டத்துக்குப் போனோம். அம்மா வரப்பில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பாதிப் பாத்தி காய்ந்து கிடக்கிறது, மோட்டார் ஏன் நின்றது என்று கேட்டாள்.

"கரண்ட் போயிடுச்சு" என்றார் அப்பா, கோப்பையைத் துண்டால் துடைத்துக்கொண்டே.

பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.